துணிக்கொடி உயரம்

மாடிப்படியில் அட்டைப்பெட்டி செய்யும் பெட்டிக்காரரின் செருப்புச் சத்தம் கேட்டதோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். அவர் சண்டைக்கு வருகிறார் என்று பலரும், பெண் கேட்டு வருகிறார் என்று சிலரும் நினைத்திருக்கலாம். சண்டைக்கு அவர் வரவில்லை. வந்தார், உட்கார்ந்தார், டீயைக் குடித்தார், கப்பைக் கீழே வைப்பதற்குள் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டார்.

“மூணு பேரும் எங்கிட்டயே வந்துடுங்களேன். என் பெட்டிக்கெல்லாம் நீங்கதான் டிசைன். மாசம் பொறந்தா சம்பளம். வெளி வேலை மட்டும் எடுக்கக் கூடாது. நாளைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு வரேன். பதிலை அப்ப சொன்னா போதும்.”

அந்த ‘நாளைக்கு’தான் இன்றைக்கு.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. சைக்கிள் கடைக்கு மேலே மூன்று அறைகள். முன்னால் இருப்பது டிசைன் ஆபீஸ், பின்னால் இருப்பது வீடு. எது எங்கே முடிந்து எது எங்கே தொடங்குகிறது என்று அந்த வீட்டுக்காரர்களுக்கே தெரியாது. அங்கே எழுத்தும் அளவும் பார்ப்பவள் நம் கதாநாயகி. கல்யாணமாகி வந்த புதிதில், கட்டிலைத் தூக்கி வந்தவர்கள் அது கதவுக்குள் நுழையுமா நுழையாதா என்று வாசலில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். புதுப்பெண் உள்ளே போய் ஒரு ஸ்கேலை எடுத்து வந்து அளந்து, “சாய்ச்சா நுழையும்” என்றாள். நுழைந்தது. அன்று வைத்த பெயர்தான் ஸ்கேல்.

ஊரெல்லாம் அலைந்து வேலை பிடித்து வருவதும், பிரஸ்ஸில் நின்று அச்சடித்து வாங்குவதும் அவள் கணவர். யார் எது கேட்டாலும் “சரிங்க” என்பார். கடைத்தெருவில் அவருக்கு அதுவே பேர். படம் வரைவது அவருடைய தங்கை குட்டி. முப்பது தாண்டி நாலு வருஷமாகியும் குட்டிதான். உயரமும் அதற்கு ஒத்துழைத்தது.

தொழில் வளர்ந்த கதையை அந்த ஒரு ‘சரிங்க’விலேயே சொல்லிவிடலாம். முதலில் விசிட்டிங் கார்டு மட்டும்தான், அதுவும் சாப்பாட்டு மேஜையில். கார்டு வாங்கிப்போன தையல்காரர், “இதே மாதிரி கடைக்கு ஒரு போர்டு?” என்றார். சரிங்க. போர்டைப் பார்த்த மருந்துக்கடைக்காரர் பில் புத்தகம் கேட்டார். சரிங்க. சோப்பு காய்ச்சுகிறவர் லேபிள் கேட்டார், லேபிளைப் பார்த்த பிஸ்கட்காரர் டப்பா கேட்டார், அந்த டப்பாவை அடித்துக்கொடுத்தவர்தான் நம் பெட்டிக்காரர். நடுவில் ஒரு வருஷம் வெப்சைட்டும் செய்தார்கள். அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை.

அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சமையலறைக் கதவிலிருந்து ஆபீஸ் வரை நடையில் ஒரு துணிக்கொடி ஓடும். எந்த வேலையானாலும் வெளியே போவதற்கு முன் ஒரு நாள் அந்தக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்க வேண்டும். போகிறவர், வருகிறவர், பால் போடுகிறவர் யாரானாலும் பார்த்துவிட்டு மனதில் பட்டதைச் சொல்லலாம். ஒருமுறை கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் ஒரு பல்பொடி லேபிளைப் பார்த்து, “எறும்புக்குப் போடறதுங்களா?” என்று கேட்டார். லேபிள் அன்றே மாறியது.

அந்தக் கொடிக்கு ஆணி அடித்தது ஸ்கேல். தன் கண்ணுக்கு நேராக அடித்தாள். அவள் நல்ல உயரம். குட்டிக்கு எட்டாது என்பதால் கொடிக்குக் கீழே எப்போதும் ஒரு முக்காலி கிடக்கும். போர்டு எந்த உயரத்தில் மாட்ட வேண்டும் என்று யார் கேட்டாலும் அந்த வீட்டில் ஒரே பதில்தான்: “கொடி உயரம்.”

சரி, இன்றைய நாளுக்கு வருவோம்.

ஒரு பல் டாக்டருக்கு வாசலில் போர்டு மாட்டப் போன இடத்தில்தான் ஸ்கேலுக்கு வழிகாட்டி போர்டு எழுதும் யோசனை பிறந்தது. வெளியே போர்டு பளபளக்கிறது. உள்ளே வந்தவர் வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எந்தக் கதவு என்று தெரியாமல் முழிக்கிறார். தப்பான கதவைத் திறந்து திட்டு வேறு வாங்குகிறார். பார்க்கப் பொறுக்காமல் உள்ளே இருந்த கதவுகளுக்கும் சேர்த்து வழி எழுதிக் கொடுத்தாள். யாரும் கேட்காமல் அவளாகச் செய்த முதல் வேலை அது. பல் டாக்டர் சொல்லித்தான் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள்.

ஆஸ்பத்திரி போட்ட நிபந்தனை இதுதான். இன்று ஒரு நாள் கீழ்த்தளத்தில் காகிதத்திலேயே போர்டு ஒட்டிக் காட்ட வேண்டும். வருகிற நோயாளிகள் யாரையும் கேட்காமல் ரத்தம் எடுக்கும் அறைக்கும், எக்ஸ்ரேவுக்கும், மருந்து கவுண்ட்டருக்கும் போய்ச் சேர்ந்தால் கட்டடம் முழுக்க அவர்களுக்கே. இல்லாவிட்டால் நன்றி, வணக்கம்.

“கார்டு, போர்டு, லேபிள், டப்பா. எல்லாம் கையில பிடிக்கற பொருளு” என்றார் கணவர், காலையில் பல் தேய்த்துக்கொண்டே. “வழி காட்டறது ஒரு பொருளா? பில்லுல நான் என்னன்னு எழுதுவேன்?”

“வழின்னு எழுதுங்க.”

“ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால் வேண்டாம், ஸ்கேலு. பெட்டிக்காரர் நல்ல மனுஷன். காசு ஒழுங்கா வரும். கேட்டவங்களுக்கெல்லாம் சரின்னு சொல்லித்தான் இதுவரைக்கும் வளந்தோம். அவரும் கேக்கறாரு.”

“அதான் சொல்றேன். இத்தனை வருஷம் அவங்க கேட்டதைச் செஞ்சோம். இது ஒண்ணு எனக்கே வேணும்னு தோணுது.” அவள் காகிதச் சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். “இன்னிக்கு இது பலிக்கலைன்னா சாயங்காலம் நானே அவருக்கு சரிங்கன்னு சொல்றேன். போதுமா?”

வீராப்பாகச் சொல்லிவிட்டாளே தவிர, படியிறங்கும்போது சுருளை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஆயுசு முழுக்க ஒரே பிஸ்கட் டப்பாவின் நாலு பக்கத்தைச் சுற்றிச் சுற்றி வருவதை நினைத்தாலே அவளுக்கு மூச்சு முட்டியது.

ஆஸ்பத்திரி நடை அப்போதுதான் கழுவி விடப்பட்டிருந்தது. பினாயில் வாடை. ஆளரவம் இல்லை. சுவர் முழுக்கக் காலியாக அவர்களுக்காகவே காத்திருந்தது. குட்டி வரைந்த படங்கள் சுலபமானவை: ரத்தத்துக்கு ஒரு சொட்டு, எக்ஸ்ரேவுக்கு ஓர் எலும்பு, மருந்துக்கு ஒரு சீசா.

“எந்த உயரத்துல அண்ணி?”

“இதென்ன புதுசா கேள்வி? கொடி உயரம்.”

குட்டி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். ஒரு போர்டை ஒட்டினாள். இறங்கினாள், ஸ்டூலைத் தள்ளினாள், மறுபடி ஏறினாள்.

“அண்ணி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“மூலை சுருங்குது பாரு. அழுத்தித் தேய். அப்புறம் சொல்லு.”

குட்டி தேய்த்தாள்.

எல்லாம் முடிந்ததும் ஸ்கேல் நடையின் இந்தக் கோடியில் நின்று அந்தக் கோடி வரை பார்த்தாள். ஒவ்வொரு அம்பும் அடுத்த அம்பைக் கைகாட்டியது. ஒரு மில்லிமீட்டர் பிசகில்லை. பெருமையில் அவளுக்குக் கண்கூடக் கலங்கியது. கணவர் இங்கே இருந்து இதைப் பார்க்கவில்லையே என்று நினைத்துக்கொண்டாள்.

பத்து மணிக்கு அந்தப் பெருமை எங்கே போனதென்றே தெரியவில்லை.

கூட்டம் வந்துவிட்டது. நாற்காலி கிடைத்தவர்கள் உட்கார்ந்தார்கள். கிடைக்காதவர்கள் என்ன செய்வார்கள்? சுவரில் சாய்ந்து நின்றார்கள். ஒவ்வொரு போர்டுக்கு முன்னாலும் ஒரு தலை. சொட்டுக்கு முன்னால் ஒரு வழுக்கை, எலும்புக்கு முன்னால் ஒரு கொண்டை. சீசாவுக்கு முன்னால் நின்ற நெடியவர் செய்தித்தாளை வேறு விரித்துப் பிடித்திருந்தார்.

“சார், கொஞ்சம் நகந்து நிக்கறீங்களா?” என்றாள் ஸ்கேல்.

அவர் நகர்ந்தார். அந்த இடத்தில் இன்னொருவர் வந்து சாய்ந்தார்.

எல்லோரும் நேரே வாசல் காவலாளியிடம்தான் போனார்கள். அவரோ, யாருக்கும் வழி சொல்லக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு வாங்கியிருந்தார். “எனக்குத் தெரியாதுங்க, எனக்குத் தெரியாதுங்க” என்று காலையிலிருந்து சொல்லிச் சொல்லி அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது.

“ஏம்மா, பதினஞ்சு வருஷமா வேலை பாக்கறேன். தெரியாதுன்னு சொன்னா சிரிக்கறாங்க. ஒரு பெரியவர் குடையை ஓங்கிட்டாரு. உங்க பரிச்சையில நான் ஃபெயிலாகிடுவேன் போல இருக்கே” என்றார்.

ஆஸ்பத்திரி நிர்வாகி அந்தப் பக்கம் வந்தார். வேகமாக நடந்து வேகமாகப் பேசும் பெண்மணி. கண்ணாடி எப்போதும் தலைமேல்தான் இருக்கும்.

“போர்டு ஒட்டியாச்சுன்னு சொன்னீங்களேம்மா. எங்க?”

ஸ்கேல் சுவரைக் காட்டினாள். சுவரில் மனிதர்கள்தான் இருந்தார்கள்.

நிர்வாகி கண்ணாடியை இறக்கிப் போட்டுப் பார்த்தார். மறுபடி தலைமேல் ஏற்றினார். “நாலு மணிக்கு வரேன். அப்பவும் இப்படியே இருந்தா விட்டுடலாம்மா. தப்பா நினைக்காதீங்க.”

அவர் போனபின்தான் ஸ்கேலுக்கு உறைத்தது. வீட்டு நடையில் கொடியில் தொங்கும் காகிதத்தின்மேல் யாரும் சாய்வதில்லை. சாய்ந்தால் கொடி அறுந்து விழும். இத்தனை வருஷம் அவளுக்கு இது தோன்றியதே இல்லை. கண்ணுக்கு நேரே இருந்தால் போதும் என்று நினைத்திருந்தாள். யார் கண்ணுக்கு, எந்த நேரத்தில் என்று அவள் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை.

“அண்ணி…” என்றாள் குட்டி.

“கொஞ்சம் சும்மா இரு குட்டி. நானே குழம்பிக் கெடக்கேன்.”

நடுப்பகலில் கணவர் வந்தார். தோளில் ஒரு பெரிய பை, முகத்தில் ‘நான் அப்பவே சொன்னேனே’.

“என்ன, ஜனங்க வழி கண்டுபிடிக்கறாங்களா?”

“இல்லை. எல்லாரும் சுவத்துமேல சாஞ்சு நிக்கறாங்க. நிமிந்து பாக்கக்கூட மாட்டேங்கறாங்க.”

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.”

வேறு நாளாக இருந்தால் ஸ்கேல் பதிலுக்கு நாலு கொடுத்திருப்பாள். இன்று அவரை மேலும் கீழும் பார்த்தாள். அளவெடுக்கிற பார்வை. கணவருக்கு அந்தப் பார்வையின் அர்த்தம் தெரியும். ஒரு எட்டு பின்வாங்கினார்.

“பையைக் கீழ வைங்க. உங்களுக்குக் கால்ல அடி.”

“எனக்கா? எப்ப?”

“இப்பதான். குட்டி, உன் அண்ணனை அந்தப் பக்கம் பிடி. நான் இந்தப் பக்கம். வாசல்லேந்து ரத்தம் எடுக்கற ரூம் வரைக்கும் நடக்கப்போறோம். வழி தெரியாத மாதிரி நடக்கணும். காலைத் தேச்சு நடங்க.”

“எந்தக் காலு?”

“ஏதோ ஒரு காலு. நடுவுல மாத்திடாதீங்க, அது போதும்.”

மனிதர் ஒப்புக்குத்தான் ஆரம்பித்தார். நாலு எட்டு வைத்ததும் உற்சாகம் வந்துவிட்டது. முனகினார். “அம்மாடி” என்றார். முழு பாரத்தையும் மனைவி தோளில் போட்டார். காவலாளி நிஜமென்று நம்பிச் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடிவர, குட்டி சிரிப்பை அடக்க முடியாமல் அண்ணனின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

ஸ்கேல் சிரிக்கவில்லை. பாதி வழியில் நின்றுவிட்டாள்.

“நான் ஒரு போர்டைக்கூடப் பாக்கலை” என்றாள்.

“என்னது?”

“எழுதினது நான். ஒட்டினது நாங்க. ஆனா உங்களைப் பிடிச்சுக்கிட்டு நடந்தப்ப நான் பாத்தது உங்க காலைத்தான். அடுத்த அடி எங்க வைக்கறீங்க, வழுக்குதா, படி இருக்கா. மேல பாக்கவே தோணலை.” அவள் குரல் உயர்ந்தது. “இங்க வர்றவங்க பாதிப்பேர் தனியா வரலைங்க. நோயாளியக் கூட்டிட்டு வர்றவங்க தரையத்தான் பாப்பாங்க. தனியா வர்றவங்க தூரத்துல பாப்பாங்க, தலைங்களுக்கு மேல. நான் ஒட்டியிருக்கற உயரத்தை யாருமே பாக்கறதில்லை!”

அம்புகள் தலைக்கு மேலே போக வேண்டும். தரையில் கோடு வேண்டும். சரி, தரைக்குக் கோடு எங்கே போவது? பெயின்ட் அடித்தால் காய்வதற்குள் நாலு மணி ஆகிவிடும்.

அவள் கண் கணவரின் பைமேல் விழுந்தது. வாய் திறந்திருந்தது. உள்ளே பெட்டி ஒட்டும் டேப் சுருள்கள்: மஞ்சள், நீலம், பச்சை. கூடவே பெட்டி கட்டுகிற நூல்கண்டு.

“அது பெட்டிக்காரரோட சாம்பிள்” என்றார் கணவர் அவசரமாக. “எந்தக் கலர் நல்லா இருக்குன்னு சாயங்காலம் நான் அவருக்குச் சொல்லணும்.”

ஸ்கேல் கையை நீட்டியபடி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கணவர் பையைப் பார்த்தார். நடையில் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். ஒரு வயதானவரைத் தாங்கிப் பிடித்தபடி ஒரு பெண் மூன்றாவது முறையாக அதே மூலையைச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். பார்க்கப் பாவமாக இருந்தது. அவர் குனிந்து மஞ்சள் சுருளை எடுத்தார்.

“சரிங்க” என்றார்.

ஊருக்கெல்லாம் சொன்ன வார்த்தையை மனைவிக்கு அவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

அதன்பிறகு பேச நேரமில்லை. காவலாளி ஏணி கொண்டுவந்தார். நடையின் குறுக்கே, இந்தக் குழாய்க்கும் அந்தக் குழாய்க்கும் நூலைக் கட்டி, போர்டுகளைத் தலைக்கு மேலே தொங்கவிட்டார் கணவர். ஸ்கேல் சுவர்களைக் காலி செய்தாள். குட்டி மண்டியிட்டுத் தரையில் டேப் ஒட்டினாள். தரைக்கு ஸ்டூல் தேவைப்படவில்லை. ரத்தத்துக்கு மஞ்சள், எக்ஸ்ரேவுக்கு நீலம், மருந்துக்குப் பச்சை. வாசலில் ஒவ்வொரு கோடும் தொடங்கும் இடத்தில் ஸ்கேல் அதன் பெயரை எழுதினாள்.

“அண்ணி, கோடு நேரா போய் மூலையில வெடுக்குன்னு திரும்பினா ஜனங்க சுவத்துல முட்டிக்குவாங்க. முன்னாடியே வளைச்சு விடறேன். நடுநடுவுல சொட்டு, எலும்பு, சீசா எல்லாம் டேப்லயே வெட்டி ஒட்டறேன். ரெண்டு கோடு சேந்து போற எடத்துல குழம்பாது.”

“ம், பண்ணு” என்றாள் ஸ்கேல், போர்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

குட்டி வெட்டிய சொட்டுகள் மஞ்சள் கோட்டின்மேல் ஒன்றன்பின் ஒன்றாக நடந்து போயின.

மூன்று மணிக்குமேல் வெயிலோடு ஒரு பெண் உள்ளே வந்தாள். கைத்தாங்கலாக அவளுடைய அப்பா. வாசலில் ஒரு கணம் நின்றாள். காவலாளியின் பக்கம் திரும்பினாள். அவர் முன்னெச்சரிக்கையாகக் கூரையைப் பார்த்துக்கொண்டார். அவள் குனிந்து அப்பாவின் செருப்பைச் சரி செய்தாள். அப்போது மஞ்சள் கோடு அவள் கண்ணில் பட்டது.

“ரத்தம்னு போட்டிருக்குப்பா. இப்படித்தான் போல.”

ஸ்கேல் சத்தம் காட்டாமல் பின்னாலேயே போனாள். அந்தப் பெண் ஒரு தடவைகூட நிமிரவில்லை. அப்பாவின் காலையும் கோட்டையும் பார்த்துக்கொண்டே நடந்தாள். மூலையில் கோடு வளைந்தது, அவர்களும் வளைந்தார்கள். ரத்தம் எடுக்கும் அறை வாசலில் கோடு முடிந்தது. “வந்துட்டோம்பா” என்றாள் அந்தப் பெண்.

ஸ்கேலுக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவள் எழுதிய எதுவும் யாரையும் இப்படி ஒரு இடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்ததில்லை. கார்டு பர்ஸுக்குள் போகும், லேபிள் குப்பைக்குப் போகும். தன் வேலை இதுதான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இனி முன் வைத்த காலைப் பின் வைப்பதாக இல்லை.

நாலு மணிக்கு நிர்வாகி வந்தார். வாசலிலிருந்து மூன்று கோட்டையும் தானே நடந்து பார்த்தார். காவலாளி ஸ்டூலில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். “யாரும் என்னை ஒண்ணும் கேக்கறதில்லைங்க மேடம். பொழுதே போக மாட்டேங்குது” என்றார். அதைவிட நல்ல சர்டிபிகேட் எங்கே கிடைக்கும்?

“திங்கட்கிழமை காலைல மாடியிலேந்து ஆரம்பிச்சுடுங்க” என்றார் நிர்வாகி. “ஆனா ஒண்ணு. இன்னிக்கு மாதிரி நீங்களே வந்து நின்னு பாத்துத்தான் செய்யணும். போர்டு எழுத நூறு பேர் இருக்காங்க. நின்னு பாக்கத்தான் ஆளில்லை.” குனிந்து தரையைப் பார்த்தார். “இந்தச் சொட்டு அழகா இருக்கே. யார் கை?”

“எங்க ஆபீஸ்லதான் மேடம்” என்றாள் ஸ்கேல், பூரித்துப்போய்.

பக்கத்தில் குட்டி மீதி டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

ஐந்து மணிக்குப் பெட்டிக்காரர் சொன்னபடி வந்தார். அதே நாற்காலி, அதே டீ. ஸ்கேல் பேச வாயெடுத்தாள். கணவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“நான் சொல்றேன்.” தொண்டையைச் செருமினார். “இல்லீங்க.”

அறையில் யாருக்கும் அந்த வார்த்தை உடனே புரியவில்லை. அவருக்கே அது புதுசாக இருந்ததால் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார்.

“இல்லீங்க. நாங்க வரலை. ஆஸ்பத்திரி வேலை எடுத்துட்டோம். இனிமே வழி காட்டறதுதான் எங்க முக்கிய வேலை. உங்க பெட்டிக்கு டிசைன் வேணும்னா வெளியிலேந்து செஞ்சு தரோம், ஆனா உள்ள வர மாட்டோம். அப்புறம், உங்க சாம்பிள் டேப் எல்லாத்தையும் தரையில ஒட்டிட்டேன். மஞ்சள் நல்லா இருக்குங்க.”

ஸ்கேலுக்கு எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

பெட்டிக்காரர் கோபிக்கவில்லை. சிரித்தார். “நேத்தே உங்க வீட்டம்மா முகத்தைப் பாத்தேன். வர மாட்டீங்கன்னு தெரிஞ்சுபோச்சு. பரவால்லை. மூணு பேரும் வந்திருந்தா சந்தோஷம். தங்கச்சி மட்டும் வருதுன்னாலும் எனக்குப் போதும்.”

“எந்தத் தங்கச்சி?” என்றார் கணவர்.

“உங்க தங்கச்சிதான். நேத்து படியிறங்கறப்ப கேட்டேன். திங்கட்கிழமை வரேன்னு சொல்லுச்சே. வீட்டுல சொல்லலையா?” அவர் மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தார். “சரி, நீங்க பேசிக்குங்க. நான் கிளம்பறேன்.”

செருப்புச் சத்தம் படியில் இறங்கி மறைந்தது.

“எங்களைக் கேக்காம நீயா சரின்னு சொன்னியா?” கணவர் வெடித்தார். “இது உன் வீடு, உன் தொழிலு…”

“அவரு என்னைக் கேட்டாரு, அண்ணா” என்றாள் குட்டி. “உனக்கு விருப்பமான்னு கேட்டாரு. இத்தனை வருஷத்துல என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. நீ கேட்டிருக்கியா?”

குட்டி ஸ்கேலின் பக்கம் திரும்பினாள்.

“காலைலேந்து சொல்ல வந்தேன், அண்ணி. மூலையைத் தேய்னீங்க. சும்மா இருன்னீங்க.”

ஸ்கேலுக்கு முதலில் வந்தது கோபம்தான். திங்கட்கிழமை மாடி வேலை. படம் இல்லாமல் அம்பு மட்டும் என்ன செய்யும்? ஜெயித்த நாளிலா இப்படி? சொல்லிவிட நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அப்போதுதான் நிர்வாகியிடம் தான் சொன்னது அவள் காதில் மறுபடி கேட்டது: எங்க ஆபீஸ்லதான் மேடம்.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். முகம் தெரியாத ஒரு பெண் அவளுடைய அப்பாவை எப்படி நடத்திக் கூட்டி வந்தாள் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தவள், நாளெல்லாம் பக்கத்திலேயே நின்றவளைப் பார்க்கவில்லை. அவமானமாக இருந்தது. அதை மறைக்க அவள் முயலவும் இல்லை.

எழுந்து நடைக்குப் போனாள். கொடிக்குக் கீழே முக்காலி கிடந்தது. குட்டி ஏறி ஏறி அதன் நடுப்பலகை வழவழவென்று தேய்ந்திருந்தது. இத்தனை வருஷமாக அந்த வீட்டில் எல்லோரும் தாண்டிப் போகிற முக்காலி அது.

ஸ்கேல் கொடியை ஆணியிலிருந்து அவிழ்த்தாள். கிளிப்புகள் சலசலத்துச் சரிந்தன. ஒரு கையில் கொடி, மறு கையில் சுத்தியலோடு திரும்பி வந்தாள்.

“அவரு ஒரு தடவ கேட்டாரு. நான் ஒரு தடவகூட கேக்கலை. தப்புதான் குட்டி. இப்ப கேக்கறேன். உனக்கு என்ன வேணும்? இதை எந்த உயரத்துல கட்டட்டும், நீயே சொல்லு.”

குட்டி கொடியைப் பார்த்தாள். சுத்தியலைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு பெட்டிக்காரர் விட்டுப்போன நாற்காலியை இழுத்துப் போட்டு, அண்ணனுக்கும் அண்ணிக்கும் எதிரே நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“ஆணிய அப்புறம் அடிக்கலாம் அண்ணி” என்றாள். “அவருக்கு நான் சரின்னு சொன்னது இன்னும் அப்படியேதான் இருக்கு. நீங்க உக்காருங்க. நான் இங்க இருக்கணும்னா முதல்ல என் சம்பளத்தைப் பேசுவோம்.”